காளியம்மா உட்கார்ந்த இடம்

பனகல் பூங்காவைத் தாண்டிய பிறகுதான் கடையின் சட்டையோடு நடந்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. மஞ்சள் சட்டை, சட்டைப்பையின் மேல் கடையின் பெயர். சிக்னலில் நின்ற ஓர் அம்மா, பட்டுப்புடவை எந்த மாடி என்று என்னிடம் கேட்டார். மூன்றாவது மாடி என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தேன். சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனால் மேலாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நடையைக் கட்டினேன்.

அந்தத் துணிக்கடையில் வேலை என்றால் நிற்பதுதான். காலையில் கதவு திறப்பதிலிருந்து இரவு கணக்கு முடியும்வரை நிற்க வேண்டும். முதலாளி தெற்கத்திக்காரர், உடன் வேலை செய்தவர்களும் அவர் ஊரைச் சுற்றி வந்தவர்களே. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவைப் பற்றிப் பேசுவார்கள், நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். கணுக்கால் வீங்கிய ஒரு மதியம் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். மேலாளர் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் படியிறங்கிவிட்டேன்.

நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன். கொள்ளுத்தாத்தாவை வெள்ளைக்காரன் இலங்கைக்குக் கொண்டுபோனான். அப்பாவை இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்து இங்கே அனுப்பிவைத்தன. இரண்டு தடவையும் எங்கள் ஆட்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மலையில் எங்களை இன்னும் சிலோன்காரர் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் எந்த ஊரும் எனக்குச் சீமைதான். எட்டாம் வகுப்பை விட்ட நாளிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று சீமைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடலைப் பார்ப்போம் என்று கிழக்கே போனேன். மயிலாப்பூருக்குள் வழி தவறி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சாந்தோம் மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரத்தை அடையாளம் வைத்துக் கரைக்கு வந்தேன். அங்கே வரிசையாகக் குப்பங்கள். நான் தங்கிய குப்பத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்துவிட்ட கரை அது. ஒரு படகை நாலைந்து பேர் மணலில் ஏற்றத் திணறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, சும்மா நின்னு பாக்கறதுக்கு இன்னா சினிமாவா, கை வையிப்பா என்றார். கை வைத்தேன். அவர் பெயர் ஏழுமலை. அன்று இரவு அவர் வலை வைக்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். காலையில் ஐஸ் பெட்டி தூக்கச் சொன்னார். இப்படித்தான் எனக்கு வேலைகள் அமைகின்றன.

ஊட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோத்தகிரி வேறு, ஊட்டி வேறு என்று விளக்கியது எடுபடவில்லை. வியர்வையில் நனைந்து நிற்கும்போது, இன்னா ஊட்டி, குளுருதா என்று கேட்பார்கள்.

அந்தப் பெயரை முதலில் வைத்தவர் ஏழுமலையின் அம்மா காளியம்மா. கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஓடும் சாலையின் ஓரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் விற்பார்கள். காளியம்மாவின் இடம் ஒரு புங்க மரத்தின் நிழலில் இருந்தது. கீழே ஒரு பலகை, மேலே ஒரு குடை, முன்னால் மீன். பேரம் பேசுகிறவர்களைக் காரோடு சேர்த்துத் திட்டுவார். முதுகுக்குப் பின்னால் அவருடைய மருமகள், ஏழுமலையின் மனைவி கஸ்தூரி அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அங்கேதான், மாமியாரின் முதுகைப் பார்த்தபடி.

அந்த இடங்கள் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருபவை. கடல் மீன் தராத மாதங்களில் பெண்கள் விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்துவந்து அங்கே விற்பார்கள். ஆண்கள் அப்போது சீட்டாடுவார்கள். ஏழுமலையே இதைச் சொன்னார்: கடலு எனக்கு, ரோடு அவளுக்கு. கடலு கை விட்டாலும் ரோடு விடாதுபா.

நான் போய்ச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. ஒரு காலை காளியம்மா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று குப்பத்தில் ஒரு படகும் இறங்கவில்லை, சாலையில் ஒரு மீனும் விற்கவில்லை. மறுநாள் மற்றவர்கள் கடை போட்டார்கள். காளியம்மாவின் பலகையை மட்டும் பக்கத்துக் கடைக்காரி தனம் கவிழ்த்து வைத்தாள். கருமாதி முடியும்வரை அது அப்படியே இருக்க வேண்டும். யாரும் அங்கே உட்காரக் கூடாது, கூடைகூட வைக்கக் கூடாது. கருமாதிக்குப் பிறகு பெண்கள் சேர்ந்து பலகையை நிமிர்த்தி மருமகளை உட்கார வைப்பார்கள். அதுவரை அவள் மீனைத் தொட மாட்டாள், தெருவுக்கும் வரமாட்டாள்.

துக்க வீட்டில் மீன் இல்லை. அக்கம்பக்கத்தார் சாம்பார் சோறு கொண்டுவந்தார்கள். கடலோரத்துக்கு வந்து நான் அதிகம் சாப்பிட்டது கத்திரிக்காய்தான்.

ஏழுமலை கடலுக்குப் போகாத அந்த நாட்களில் மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்யும் கூலி வேலை கிடைத்தது. மர பீரோ, ஊஞ்சல், பித்தளை அண்டா என்று நாள் முழுக்க இறக்கினோம். வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், அன்பான மனிதர். கார் நிறுத்தும் இடத்தில் எங்களை உட்காரவைத்து வத்தக்குழம்பும் அப்பளமும் போட்டார். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம். அவருக்கு அதில் இரண்டு வீடு: ஒன்று அவருக்கு, ஒன்று அமெரிக்காவில் இருக்கும் பையன் எப்போதாவது வந்தால். அதுவரை இருக்க வாடகை வீட்டையும் கட்டுகிறவர்களே பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று அவருக்கு, ஒன்று அமெரிக்காவில் இருக்கும் பையன் எப்போதாவது வந்தால்.

நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். தினமும் அந்தச் சாலையில்தான் காலை நடைக்குப் போகிறாராம்.

“பாவம் அவா. ஒழைக்கிற ஜனங்கள். ஆனா ரோடுன்னா ரோடாத்தானே இருக்கணும்? நடுவுல உக்காந்துண்டு மீன் வித்துண்டிருந்தா எப்படி? இப்போ புதுசா கட்டடம் கட்டிக் குடுக்கறாளாமே, நல்லதுதானே.”

நல்லதுதான் என்று நானும் சொன்னேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். சாலையிலிருந்து பெண்களைத் தூக்கி, பக்கத்தில் எழும்பியிருந்த புதுக் கட்டடத்தில் ஆளுக்கொரு மேடை தரப்போவதாகக் குப்பத்தில் பேச்சு இருந்தது. தண்ணீர்க் குழாய் இருக்கும், கூரை இருக்கும். சாலையோரம் ஓடு பதித்துச் செடி வைப்பார்கள்.

அளவெடுக்க மாநகராட்சி ஆட்கள் வந்த காலை, நான் சாலையோரத்தில் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தேன். வடக்கு முனையிலிருந்து வந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெயரைக் கேட்டு, உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் இடத்தையும் சேர்த்துப் போனில் படம் எடுத்தார்கள். சிலர் முந்தானையைச் சரிசெய்து கொண்டார்கள். ஒருத்தி வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். தனத்தைப் படம் எடுத்து முடித்ததும், பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பலகையைப் பார்த்து இது யாருடையது என்று கேட்டார் வந்தவர்களில் ஒருவர்.

“காளியம்மா.”

“எங்க அவங்க?”

“செத்துட்டாங்க சார்.”

“சரி. இப்ப யாரு ஒக்கார்றாங்க?”

தனம் வாயைத் திறக்கவில்லை. வரிசையில் இருந்த மற்றவர்களும் குனிந்து மீனைப் புரட்டினார்கள். எனக்குப் புரியவில்லை. கஸ்தூரி என்று சொல்லுங்கள் அக்கா என்று மெதுவாகச் சொன்னேன். தனம் என் பக்கம் திரும்பிய பார்வையில் மீன் வெந்துவிடும்.

“கருமாதிகூட ஆவல. செத்தவ எடத்துல இன்னொருத்தி பேரச் சொன்னா, அவள எயுந்து போடின்னு வெரட்டற மாரி. உனுக்கு இன்னா தெரியும்? பெட்டியக் கய்வு.”

வந்தவர் கெட்டவர் இல்லை. இரண்டாம் தடவையும் கேட்டார், சற்று நின்றும் பார்த்தார். பிறகு அந்த இடத்தைக் கவிழ்ந்த பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்தவளிடம் போனார். நான் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கஸ்தூரி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தெருவுக்கு வரக்கூடாது, கருமாதி முடியட்டும், அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்றார். கஸ்தூரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

எங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவதற்குப் பெரட்டு என்று பெயர். கொம்பு ஊதியதும் போய் நிற்க வேண்டும். நிற்காதவன் அன்றைக்கு உலகத்தில் இல்லை. பிள்ளை பெற்றவளும் நின்றாள், பிணத்தை வீட்டில் வைத்தவனும் நின்றான். எண்ண வருகிறவனுக்கு முன்னால் எப்படியாவது போய் நின்றுவிட வேண்டும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. இவர்களுக்கு அது இல்லை. இவர்களை இதுவரை யாரும் எண்ணியதில்லை.

கருமாதி நன்றாக நடந்தது. மறுநாள் காலை பெண்கள் கஸ்தூரியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்கள். இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். தனம் பலகையை நிமிர்த்தினாள். கஸ்தூரி உட்கார்ந்ததும் தனம் தன் கூடையிலிருந்து ஒரு பெரிய சங்கராவை எடுத்து அவள் முன்னால் போட்டு, வித்துக் காட்டுடி என்றாள். கஸ்தூரியின் முதல் குரல் அடுத்த கடைக்குக்கூடக் கேட்கவில்லை. இரண்டாவது குரல் மாமியாரைப் போலவே வந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று மாலை வீட்டில் காரப்பொடி மீன் வறுவலும் நண்டும் செய்தார்கள். அந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அது.

அடுத்த வாரம் புதுக் கட்டடத்துக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மேடையைக் காட்டினார்கள். கஸ்தூரியைக் கூப்பிடவில்லை. கட்டடத்துக்குப் போகாதவர்கள் இனிமேல் சாலையிலும் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குப்பத்து நாட்டார்கள் கோயில் முன்னால் கூடினார்கள். நாட்டார் என்றால் ஊர்ப் பெரியவர்கள், சண்டை சச்சரவெல்லாம் அவர்களிடம்தான் போகும். அவர்கள் சொல்லுக்குப் படகு இறங்காமல் நின்ற காலமும் உண்டாம். நான் ஓரமாக நின்று கேட்டேன். படகுகளைச் சாலையின் குறுக்கே போடுவோம் என்றான் ஒருவன். யாரும் மறுத்துப் பேசவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. மேடை கிடைத்த வீட்டுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு முடிவு எடுத்தார்கள். கஸ்தூரி அலுவலகத்தில் போய்க் கேட்கட்டும். சாலையில் ஓடு பதிக்கிற வேலைக்குக் குப்பத்து ஆள் யாரும் போகக் கூடாது.

எங்கள் தோட்டத்துத் துரைக்கும் இந்த வித்தை தெரியும். எல்லாருக்கும் கொடுக்காமல் விட்டால் வேலைநிறுத்தம் வரும். ஒருத்திக்கு மட்டும் கொடுக்காமல் விட்டால் அழுகைதான் வரும். இங்கே யாரும் வித்தை செய்யவில்லை, தானாக நடந்தது. விளைவு ஒன்றுதான்.

ஏழுமலை கடலுக்குப் போயிருந்ததால் கஸ்தூரியோடு நான் போனேன். அலுவலகம் அடையாறு பக்கம். பேருந்தில் ஏறும்போதே நடத்துனர், மீன்கூடையோடு ஏறாதே என்றார். அவள் வெறும் கைகளை விரித்துக் காட்டினாள். நல்ல புடவை கட்டி, தலைக்குக் குளித்து, பூ வைத்திருந்தாள். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அடையாற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எல்லாரும் நடங்க என்றார். நடந்தோம். கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. ஒரு கரையில் மண்ணைச் சமன்படுத்தி வேலி போட்டிருந்தார்கள். கஸ்தூரி அங்கே கைகாட்டினாள்.

“எங்க சித்தி ஊடு அங்கதான் இருந்திச்சி. ஆத்தோரம் இருந்தவங்கள எல்லாம் லாரில ஏத்தி ஊருக்கு வெளிய இட்டுகினு போய்ட்டாங்க. ஏயாவது மாடி. லிப்டு ஓடலன்னா தண்ணி தூக்கிகினு ஏறணும். சித்தப்பா வேல பெசன்ட் நகர்ல. விடிய சொல்ல கெளம்பிப் போவாரு. ஒரு நாளு போறத நிறுத்திட்டாரு.”

சித்திக்காவது மாடி வீடு கிடைத்தது என்றேன். அவள் எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள். நான் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி இளவயது. எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சென்னையில் எந்த அலுவலகத்திலும் எனக்கு அது நடந்ததில்லை. கணினியைத் திறந்து வரிசையாகப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். முந்தானையைச் சரிசெய்தவள் வந்தாள், வஞ்சிரத்தைத் தூக்கியவள் வந்தாள், தனம் முறைத்துக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த படத்தில் நிறுத்தினார். புங்க மரத்து நிழல், தரை, பலகை.

“இதோ பாருங்கம்மா. அன்னைக்குக் காலியா இருந்திருக்கு.”

கஸ்தூரி எழுந்து திரையின் அருகே போய்க் குனிந்து பார்த்தாள்.

“அது காலி இல்லம்மா. கவுத்து வெச்சிகீது.”

அதிகாரிக்கு விளங்கவில்லை. கஸ்தூரி விளக்கினாள். காலி இடம் என்றால் பலகை இருக்காது, யார் வேண்டுமானாலும் கூடை வைப்பார்கள். பலகையைக் கவிழ்த்து வைத்தால் அந்த இடத்தில் ஆள் இருக்கிறது, துக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். இப்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அதிகாரி கடைசிவரை கேட்டார். முகத்தைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

“புரியுதும்மா. ஆனா படத்துல ஆள் இல்லையே.”

மேடைகள் எல்லாம் கொடுத்தாகிவிட்டது, அடுத்த கட்டம் வந்தால் பார்க்கலாம் என்றார். அடுத்த கட்டம் எப்போது என்று நான் கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. வெளியே வந்து ஒரு டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டோம். கஸ்தூரி ஒன்றைக் கடித்துவிட்டு வைத்துவிட்டாள். தன் மாமியார் ஒரு நாள்கூட அந்த இடத்தை விட்டு எழுந்ததில்லை, காய்ச்சலோடும் உட்கார்ந்திருந்தவர், சரியாக அன்றைக்குப் பார்த்து இல்லாமல் போனார் என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு மாமியார் மேல் கோபம் இருந்தது.

குப்பத்துக்குத் திரும்பியபோது தனம் வாசலில் காத்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள். இனிமேல் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கஸ்தூரி சத்தம் போடவில்லை. “ஒரு பேரு. எம் பேரச் சொல்லி இருந்தா இன்னாக்கா கொறஞ்சி பூட்டிருக்கும்?”

“சொல்லி இருந்தா நீயே என் மூஞ்சில காறித் துப்பி இருப்ப.”

கஸ்தூரி வாசலில் உட்கார்ந்தாள். “ஆமா. துப்பி இருப்பேன்.”

தனமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் மேடையில் பாதியை எடுத்துக்கொள் என்று தனம் சொன்னாள். அந்த மேடையின் அகலத்தை எல்லாரும் பார்த்திருந்தோம். ஒரு பெண் காலை மடக்கி உட்கார்ந்தால் நிறைந்துவிடும். முதுகுக்குப் பின்னால் சுவரோரம் மட்டும் கொஞ்சம் இடம் உண்டு. நான் பின்னாலே குந்தி மீன் ஆய்ந்து தருகிறேன் என்றாள் கஸ்தூரி. தனம் வேண்டாம் என்று கையைத் தூக்கினாள், பாதியில் இறக்கிவிட்டாள். ஏழுமலை அரிவாள்மனையை எடுத்துவந்து, கேட்காமலே சாணை பிடிக்க ஆரம்பித்தார்.

எனக்கு வைத்த சோற்றை அன்று பாதியில் நிறுத்தினேன். இரண்டு பேர் சம்பாத்தியத்தில் ஒன்று குறைந்த வீட்டில் மூன்றாவது வாயாக இருப்பது சரியில்லை. கொட்டகையில் என் பையைக் கட்டி வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் சாலையில் ஓடு ஏற்றிய லாரி நின்றது. மேஸ்திரி ஒருவர் கடப்பாரைகளை இறக்கிவைத்துவிட்டு, வேலைக்கு ஆள் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். குப்பத்தார் பல் விளக்கியபடி அவரைக் கடந்து போனார்கள். நான் போய் நின்றேன். இந்தக் குப்பமா என்றார். இல்லை, ஊட்டி என்றேன். ஒரு கடப்பாரையைக் கொடுத்தார்.

வடக்கு முனையிலிருந்து தோண்டிக்கொண்டு வந்தோம். புதுக் கட்டடத்திலிருந்து பெண்களின் குரல்கள் கேட்டன. கூரைக்குள் எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்து யார் கூவுகிறார்கள் என்றே தெரியவில்லை. புங்க மரத்தடிக்கு வந்தபோது கஸ்தூரி மீன் கழிவு வாளியோடு அந்தப் பக்கம் வந்தாள். கடப்பாரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

“ஆயமா தோண்டு ஊட்டி. அங்க செதிளு நெறைய இருக்கும். மேலாக்கத் தோண்டிட்டு ஓடு பதிச்சா நிக்காது.”

தோண்டினேன். ஒரு சாணுக்கும் கீழே மண் வரவில்லை. கறுத்துப்போன மீன் செதிள்தான் அடுக்கடுக்காக வந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாத்தையும் அள்ளி லாரியில் போடு என்றார்.